புல்வெளியில் ஒரு சாம்பிள் கேட்

பெருமாநல்லூருக்குத் தெற்கே, பழனாத்தாள் கார்மெண்ட்ஸ் பெண்கள் விடுதியின் இரும்புக் கேட், நூல் விலை ஏறிய வருஷம் ஆடி மாசத்தில், உள்ளேயிருந்து திறப்பதை நிறுத்திக்கொண்டது. வெளியேயிருந்து ஒரு ஆட்டுக்குட்டி முட்டினாலும் திறந்தது. பூட்டு கிடையாது, தாழ்ப்பாள் கிடையாது, வாட்ச்மேனுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. முதலாளி பொங்கியண்ணன் வந்தால் போகவும் திறந்தது, வரவும் திறந்தது. அவருடைய கார், மேனேஜர், மேனேஜருடைய நாய், காய்கறி ஆட்டோ எல்லாவற்றுக்கும் அப்படித்தான். விடுதியில் தங்கி வேலை செய்கிற முன்னூற்றுச் சொச்சம் பெண்களில் ஒருத்தி உள்ளேயிருந்து கை வைத்தால் மட்டும் சுவரோடு சுவராக நின்றுவிட்டது. முதலில் துரு என்றார்கள், எண்ணெய் விட்டார்கள். அப்புறம் ஒரு பூசாரியைக் கூட்டிவந்து எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பூசாரி சௌகரியமாக வெளியே போய்விட்டார், பழம் அங்கேயே கிடந்து காய்ந்தது. அதற்குள் பொங்கியண்ணன் ஒரு விஷயத்தைக் கவனித்தார். ஒருத்தியும் லீவு கேட்பதில்லை, பொங்கலுக்கு ஊருக்குப் போனவள் சித்திரை வரைக்கும் திரும்பாத கதை இல்லை, ஷிப்மென்ட் தேதி தவறுவதில்லை. விடுதியும் கம்பெனியும் ஒரே காம்பவுண்ட் என்பதால் வேலைக்கும் தடையில்லை. கேட்டை அதன் போக்கில் விட்டுவிடச் சொன்னார். தன்னைப் பெற்ற தாயின் பெயரைக் கம்பெனிக்கு வைத்த மனிதர், இதையும் அம்மாவின் ஆசீர்வாதம் என்றே எடுத்துக்கொண்டார்.

பெண்கள் சும்மா இருக்கவில்லை. கேட்டை ஏமாற்றலாம் என்று முதுகைக் காட்டிப் பின்பக்கமாக நடந்து பார்த்தார்கள், அது ஏமாறவில்லை. சுவரேறிக் குதித்தவள் ஏறின பக்கமே விழுந்து கணுக்காலைப் பிசக்கிக்கொண்டாள். ஒருத்தி பனியன் பெட்டிக்குள் படுத்துக்கொண்டு தூத்துக்குடித் துறைமுகம் வரைக்கும் போனதும் உண்மை. அங்கே பெட்டியைப் பிரித்தபோது பனியன்கள் மட்டும் அடுக்குக் கலையாமல் இருந்தன; அவள் அதே நேரத்தில் ஓவர்லாக் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்ததாக லைன் சூப்பர்வைசர் சொன்னான். இருந்தாலும் பெட்டியில் படுத்த நேரத்துக்குச் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஊருக்கு ஒரு நியாயம் இருக்கிறதல்லவா.

அந்த முன்னூற்றுச் சொச்சத்தில் ஒருத்தி அபிராமி. அவளுடைய அப்பன் வீரணன் கமுதிப் பக்கத்துக்காரன். மழை பொய்த்த ஒரு வருஷத்தில் திருப்பூருக்கு வந்து, வேறொரு பனியன் கம்பெனியில் அயர்ன் பாக்ஸைப் பிடித்தவன், பிடித்த கையை எடுக்கவில்லை. மூன்று வருஷ ஒப்பந்தம், பாதுகாப்பான விடுதி, ஆம்பளைக் கண் படாத காம்பவுண்ட் என்று ஏஜெண்ட் அடுக்கியதைக் கேட்டுத் தலையாட்டி, பதினெட்டு வயசில் மகளைக் கொண்டுவந்து விட்டவன் அவனேதான். கேட் நின்றது அவள் சேர்ந்த மறுவருஷம். ஒப்பந்தம் முடிந்தது, கேட் முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமைதோறும் பக்கச் சுவரில் கம்பி போட்ட ஜன்னலடியில் போய் நின்று, வேறு பேச்சுத் தெரியாமல், அதே கேள்வியைக் கேட்பான்.

"கேட்டத் தள்ளிப் பாத்தியாத்தா?"

"இல்லப்பா. தேங்கா ஒடச்சுக் கும்புட்டுப் பாத்தேன். கேக்குற கேள்வியப் பாரு."

"கோவிக்காதத்தா. ஒங்காத்தா போன்ல கேக்குறா, நான் என்னத்தச் சொல்ல?"

"கேட்டுக்கு எம்மேல பிரியம் சாஸ்தி, விட மாட்டேங்குதுன்னு சொல்லு."

வீரணன் புகார் கொடுக்காத ஆபீஸ் இல்லை. ஆய்வாளர்கள் வந்தார்கள். ஒவ்வொருவரும் கேட்டைத் தள்ளி உள்ளே போனார்கள், இளநீர் குடித்தார்கள், கேட்டைத் தள்ளி வெளியே வந்தார்கள். 'கேட்டில் பூட்டு காணப்படவில்லை' என்று எழுதினார்கள். அதில் பொய் ஒன்றுமில்லை. வழக்கு கோர்ட்டுக்குப் போனபோது அங்கிருந்தும் ஒரு கமிஷனர் வந்து, தானும் தன் டிரைவரும் மூன்று முறை உள்ளே போய் வெளியே வந்ததாகவும், கீல் மிகவும் லகுவாக இருப்பதாகவும் அறிக்கை கொடுத்தார். பூட்டில்லாத இடத்தில் சிறையில்லை என்று வழக்கு தள்ளுபடியானது. அந்தப் பெண்களில் ஒருத்தியைத் தள்ளச் சொல்லிப் பார்க்கலாமே என்று யாருக்கும் தோன்றவில்லை. சாட்சியத்தைப் பாதிக்கும் என்றார்கள். அடுத்த வருஷம் கொரோனா வந்து, வெளியே போகக் கூடாது என்று நாடு முழுக்க உத்தரவானபோது, இந்த மாவட்டத்திலேயே எந்த வித்தியாசமும் தெரியாமல் இருந்தது பழனாத்தாள் விடுதி ஒன்றுதான். அதற்காக ஒரு பாராட்டுச் சான்றிதழ் கிடைத்து, அதைக் கண்ணாடி போட்டு அதே கேட்டுக்குப் பக்கத்தில் மாட்டினார்கள்.

வீரணனுக்காக வாதாடிய வக்கீல் அந்தோணிராஜ், செல்போன் ரிப்பேர் கடைக்கு மாடியில் ஒரு அறை வைத்திருந்தார். தோற்றுத் தோற்றுப் பழகியவர் ஆதலால் வாய் மட்டும் ஜெயித்தபடி இருக்கும். அவர் விஷயத்தை இங்கிலீஷில் எழுதிக் கடல் தாண்டி அனுப்பினார். அங்கே, ஏரிக்கரையில் உள்ள ஒரு ஊரில், உலகத்து மனித உரிமைகளையெல்லாம் உட்கார்ந்து விசாரிக்கிற குழு ஒன்று இருந்தது. அது ஆற அமர யோசித்தது. அது யோசித்து முடிப்பதற்குள் அபிராமி ஹெல்ப்பரிலிருந்து டெய்லராகி, டெய்லரிலிருந்து செக்கிங்குக்குப் போய், கண்ணாடியும் போட்டுக்கொண்டாள். கடைசியில் தீர்ப்பு வந்தது. வெளியே போக முடியாத வாசல், பூட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும், பூட்டிய வாசல்தான். அபிராமிக்கு அந்தக் கேட்டை அரசு உடனடியாகத் திறந்துவிட வேண்டும். இனி யாருக்கும் இப்படி நேராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தீர்ப்பை உள்ளூர் மொழியில் வெளியிட வேண்டும். என்ன செய்தீர்கள் என்று ஆறு மாசத்துக்குள் சொல்ல வேண்டும். அந்தோணிராஜ் இதைப் படித்துக்காட்டியபோது வீரணன் எழுந்து நின்றுவிட்டான்.

"அப்ப நாளைக்குப் புள்ள வந்துருமாய்யா?"

"அண்ணே, நமக்குக் கெடச்சிருக்கது தீர்ப்பு," என்றார் அந்தோணிராஜ். "நாளைக்குங்கறது வேற டிபார்ட்மெண்ட்."

தீர்ப்பு முதலில் தலைநகரத்தில் இறங்கியது. அங்கே அதை ஆழ்ந்த கவனத்துடன் குறித்துக்கொண்டார்கள். குறித்துக்கொண்ட பின், தகுந்த நடவடிக்கைக்காகக் கீழே தள்ளினார்கள். கீழே இருந்தவர்கள் அதற்கும் கீழே தள்ளினார்கள். மாடியிலிருந்து உருண்டுவருகிற பூசணிக்காய் ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் சதையை விட்டுவிட்டு வருவது மாதிரி, அதுவும் வழியெல்லாம் சொற்களை உதிர்த்துக்கொண்டே வந்தது. 'உடனடியாக' என்ற சொல் முதல் ஆபீசிலேயே விழுந்துவிட்டது. 'திறக்க வேண்டும்' என்பது அடுத்த ஆபீசில் 'திறப்பது குறித்து' ஆனது. அபிராமி 'மனுதாரர்' ஆனாள், மனுதாரர் 'சம்பந்தப்பட்ட நபர்' ஆனார், அதற்கும் அடுத்த ஆபீசில் நபரும் காணாமல் போனார். திருப்பூர் வந்து சேர்ந்தபோது 'கேட் சம்பந்தமாக' என்ற இரண்டு சொற்கள்தான் மிச்சம். அந்த இரண்டு சொற்களை அமல்படுத்துவதற்காக, காங்கேயம் ரோட்டில், ஓடாமல் கிடந்த ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து, சர்வதேசத் தீர்ப்பு அமலாக்கச் சிறப்புப் பிரிவு என்று போர்டு வைத்தார்கள். சிறப்பு அதிகாரியாக வந்த கிட்டுசாமி, வேறு நாற்காலி வருகிற வரைக்கும், மணமேடையில் மாப்பிள்ளை பெண் உட்காருகிற சிவப்பு வெல்வெட் சோபாவில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். நாற்காலி வந்த பிறகும் சோபாவை விட்டு இறங்கவில்லை. மண்டபத்தின் முன்னால் நல்ல புல்வெளி ஒன்று இருந்தது.

சிறப்புப் பிரிவின் முதல் சாதனை மொழிபெயர்ப்பு. 'ஈண்டு மேற்படி வாயிலின்கண் விளைவுறு அடைப்புநிலையானது பூட்டுறாமை எய்தியக்காலும் பூட்டுறுதன்மையதே' என்று ஆரம்பித்து அது நாற்பது பக்கம் போனது. அதை வெளியிட ஒரு விழா. கிட்டுசாமி ஒரு மணி நேரம் பேசினார். உலகமே நம்மைத் திரும்பிப் பார்க்கிறது என்றார். உலகம் எதற்காகத் திரும்பிப் பார்த்தது என்பதைச் சொல்ல நேரம் போதவில்லை. வீரணனை மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தி, கேட் படம் பொறித்த ஒரு கேடயத்தையும் கையில் கொடுத்தார்கள். அவன் முதல் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு அந்தோணிராஜைக் கேட்டான்.

"இது எந்த ஊருத் தமிழுய்யா?"

"கவர்மெண்டு ஊரு. அங்க ஆள் குடியில்லண்ணே."

வீரணன் மைக்குக்குப் பக்கத்திலேயே நின்று, கிட்டுசாமியிடம் கேட்டை எப்போது திறப்பீர்கள் என்று கேட்டுவிட்டான். அது மைக்கில் விழுந்து மண்டபம் முழுக்கக் கேட்டது. கிட்டுசாமி சிரித்துக்கொண்டே அவன் தோளில் இருந்த பொன்னாடையைச் சரிசெய்தார். "அதெல்லாம் செகண்ட் பேஸுங்க. மொதல்ல விழிப்புணர்வு."

விழிப்புணர்வு நான்கு மாசம் நடந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக் கேட் வரையும் போட்டி, கல்லூரியில் கருத்தரங்கம், விடியற்காலையில் ஒரு மாரத்தான். மாரத்தான் பழனாத்தாள் விடுதி வழியாகவே ஓடியது. பெண்கள் ஜன்னலில் நின்று பார்த்தார்கள். "யப்பா, என் உரிமைக்காக ஆயிரம் பேரு ஓடுறாய்ங்க, நான் மட்டும் நிக்கிறேன்," என்றாள் அபிராமி அந்த ஞாயிற்றுக்கிழமை. வீரணனுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுடைய தலையில் ஒரு நரைமுடி தெரிந்தது. ஊரில் அவளோடு படித்தவளுக்கு இரண்டு பிள்ளைகள் என்று அவன் பெண்டாட்டி ராமாயி போனில் சொல்லியிருந்தாள். அதை அவன் ஜன்னலில் சொல்லவில்லை.

அப்போதுதான், அமலாக்கத்தை நேரில் பார்க்க ஏரிக்கரை ஊரிலிருந்து இரண்டு பேர் வருவதாகத் தகவல் வந்தது. கிட்டுசாமிக்கு வெல்வெட் சோபா குத்த ஆரம்பித்தது. வெள்ளைக்காரரை எப்படி வரவேற்பது, என்ன காட்டுவது, என்ன காட்டாமல் இருப்பது என்று அவருடைய சர்வீசில் யாரும் சொல்லித்தரவில்லை. ஆனால் இந்த ஊரில் அது தெரிந்தவர்களுக்குப் பஞ்சமா? வருஷம் முழுக்க வெளிநாட்டுக்காரன் வந்து பார்த்து, தலையாட்டி, ஆர்டர் கொடுத்துவிட்டுப் போகிற ஊர். அதிலும் ஆடிட்டில் எப்போதும் முதல் மார்க் வாங்குகிற கம்பெனி எது என்று விசாரித்தார். பழனாத்தாள் கார்மெண்ட்ஸ் என்றார்கள். ஆகவே பழனாத்தாள் கார்மெண்ட்ஸ் கேட்டைத் திறப்பதற்கான அமலாக்கக் குழுவின் தலைவராகப் பொங்கியண்ணன் நியமிக்கப்பட்டார். இதில் முரண் இருப்பதாக அந்தோணிராஜ் ஒரு மனு போட்டார். கேட்டைப் பற்றி அவரைவிட அதிகம் தெரிந்தவர் யார் என்று பதில் வந்தது.

பொங்கியண்ணன் தன் அக்கா மகன் சதீஷ்குமாரையும் கூட்டிக்கொண்டு மண்டபத்துக்கு வந்தார். கம்பெனியில் கம்ப்ளையன்ஸ் மேனேஜர் என்பது அவனுடைய பதவி. ஆடிட்டுக்கு முந்தின நாள் தீயணைப்புக் குடுவைகளைத் துடைப்பதும், கேள்வி கேட்டால் என்ன பதில் சொல்ல வேண்டும் என்று பெண்களுக்குப் பாடம் எடுப்பதும் அவனுடைய வேலை. தீர்ப்பை அவன் எழுத்தெழுத்தாகப் படித்தான். படித்து, திருப்பூர்க்காரனுக்கு மட்டுமே தோன்றக்கூடியது அவனுக்குத் தோன்றியது.

"மாமா, இது ஆர்டருங்க மாமா. ஸ்டைல் சொல்லியிருக்கறாங்க, டெலிவரி டேட் சொல்லியிருக்கறாங்க. மொதல்ல சாம்பிள் காட்டி அப்ரூவல் வாங்கோணும்."

"அதத்தான் நானுஞ் சொல்றனுங்க," என்றார் பொங்கியண்ணன் கிட்டுசாமியைப் பார்த்து. "எடுத்த எடுப்புல பல்க்குல, மொத்தச் சரக்குல, கை வெக்கறதுங்களா? ஒரு கேட்டு சாம்பிள் போட்டுக் காட்டுவோங்க. புடிச்சிருந்தா சீல் போட்டுக் குடுக்கட்டும். அப்பறம் பல்க்கு நம்ம சவுரியம்."

கிட்டுசாமிக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. மூன்றே வாரத்தில் மண்டபத்துப் புல்வெளியின் நடுவில் சாம்பிள் நின்றது. விடுதிக் கேட்டைச் செய்த அதே வெல்டர், அதே தடிமன் இரும்பு, அதே நீலப் பெயிண்ட், அதே கீல். இடது மூலையில் லாரி இடித்து உண்டான நசுங்கலைக்கூடச் சுத்தியலால் தட்டி உண்டாக்கினார்கள். இந்தப் பக்கமும் சுவர் இல்லை, அந்தப் பக்கமும் சுவர் இல்லை. இரண்டு பக்கமும் திறந்தது. பக்கத்துக் கல்லூரியிலிருந்து இரண்டு மாணவிகளை வரவழைத்து, சுடிதாரும் ஏப்ரனும் மாட்டி, சிரித்த முகமாக உள்ளே போய் வெளியே வரப் பழக்கினார்கள். எது உள்ளே எது வெளியே என்று புரியாமல் இருந்ததால் புல்லில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கொடுத்தான் சதீஷ்குமார்.

வந்தவர்கள் ஒரு உயரமான அம்மாளும் ஒரு குட்டையான ஐயாவும். இரண்டு பேரும் கேட் வழியாகப் போய்ப் போய் வந்தார்கள். அம்மாள் கீலைத் தடவிப் பார்த்தார். இதுதான் அந்தக் கேட்டா என்று ஐயா கேட்டார். இது சாம்பிள், பல்க் இதே மாதிரி வரும் என்று சதீஷ்குமார் சொல்லி, நூல் கட்டிய ஒரு அட்டையையும் பேனாவையும் நீட்டினான். அவர்களுடைய தொழிலும் கையெழுத்துப் போடுவதுதானே. நீட்டிய பேனாவை மறுத்துப் பழக்கமில்லை. 'அப்ரூவ்டு. மொத்தமும் இதன்படியே' என்ற இடத்தில் இருவரும் கையெழுத்திட்டார்கள். சதீஷ்குமார் அட்டையைக் கேட்டில் கட்டி அரக்கு வைத்து சீல் போட்டான். விடுதிக்கும் போகலாமா என்று அந்த அம்மாள் கேட்டது உண்மைதான். ஆனால் இலை போட்டாகிவிட்டது, பதினெட்டு வகை, அதற்கப்புறம் கோயம்புத்தூரில் விமானம் பிடிக்க வேண்டியிருந்தது. சாம்பிளுக்கும் சரக்குக்கும் உள்ள தூரம் எவ்வளவு என்று திருப்பூரில் பால் குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும். கடல் தாண்டி இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. கேட்டுக்கும் தெரியவில்லை.

மறுநாள் காலை, வாயில் பிரஷ்ஷோடு, விடுதியில் ரோஸ்மேரி என்கிற பெண் கேட் பக்கம் போனாள். சாத்தான்குளத்துக்காரி, வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. தினம் ஒரு தடவை கேட்டை உதைத்துவிட்டுத்தான் பல்லை விளக்கி முடிப்பாள். அன்றைக்கு உதைத்தாள், திறந்தது. அடுத்த அடியை அவள் வைத்தது காங்கேயம் ரோட்டு மண்டபத்தின் புல்வெளியில். நடுவே பதின்மூன்று கிலோமீட்டர் இருந்தது. அது எங்கே போனது என்று தெரியவில்லை. கிட்டுசாமி வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தார். சாம்பிள் கேட்டுக்குள்ளிருந்து நுரை வழிய ஒரு பெண் வந்து, துப்புவதற்கு இடம் எங்கே என்று கேட்டதாகவும், தாம் குரோட்டன்ஸ் தொட்டியைக் காட்டியதாகவும் பிற்பாடு விளக்கக் கடிதத்தில் எழுதினார். மத்தியானத்துக்குள் நாற்பது பேர் வந்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் புல்வெளி நிறைந்து, பானிபூரி வண்டி ஒன்றும் வந்து நின்றது.

கிட்டுசாமி உடனே நடவடிக்கை எடுத்தார். கேட்டைத் திறக்க ஆறு வருஷம் யோசித்த அரசாங்கம் அதைப் பூட்ட ஆறு நிமிஷம்கூட எடுத்துக்கொள்ளவில்லை என்பதை இங்கே பதிவுசெய்ய வேண்டும். சாம்பிளில் ஒரு பெரிய பித்தளைப் பூட்டைத் தொங்கவிட்டார். அந்த நொடியே பெருமாநல்லூர்ப் பக்கத்தில் விடுதிக் கேட்டிலும் அதே பூட்டுத் தொங்கியது. அந்தோணிராஜ் அதை நாலு கோணத்தில் போட்டோ எடுத்தார். பொங்கியண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டபத்துக்கு ஓடிவந்தார்.

"ஏனுங்க சார், என்னைய உள்ள தள்ளோணும்னே பண்றீங்களா? இத்தன வருசம் பூட்டு இல்லீன்னு சொல்லித்தானுங்க தப்பிச்சுட்டிருக்கறேன். பூட்டு இருந்தா கேசுங்க, கேசு!"

பூட்டை எடுத்தார்கள். சாம்பிளையே அறுத்துப் போட்டுவிடலாம் என்று வெல்டரைக் கூப்பிட்டார்கள். அவன் ஒரு மூலையை அறுத்ததும் விடுதிக் கேட்டில் அதே மூலை மறைந்து, வெளியே மேய்ந்த ஆடுகள் உள்ளே நுழைந்து கேண்டீன் கீரையைத் தின்றன. முழுசாக அறுத்தால் அங்கே கேட்டே இருக்காது, வாசல் பப்பரப்பா என்று கிடக்கும். மூலையை மறுபடி ஒட்டினார்கள். அப்ரூவலையே ரத்து செய்ய முடியாதா என்று கேட்டார் கிட்டுசாமி. "பையர்தான் சார், கையெழுத்துப் போட்ட அந்த வெள்ளக்காரங்கதான் கேன்சல் பண்ணோணும்," என்றான் சதீஷ்குமார். "கேட்டு நெஜமாலுமே தெறக்குது, அதனால கேன்சல் பண்ணுங்கன்னு எழுதோணும். எழுதறீங்களா?" கிட்டுசாமி எழுதவில்லை.

வீரணன் முதல் நாளே வேலைக்கு லீவு சொல்லிவிட்டு மண்டபத்துக்கு வந்துவிட்டான். கேட்டுக்கு நேர் எதிரே, சுண்ணாம்புக் கோட்டில் நின்றான். நீலக் கேட் திறக்கும்போதெல்லாம் கழுத்தை நீட்டினான். யார் யாரோ வந்தார்கள். முன்னூற்றுச் சொச்சமும் வந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் வேலை வேண்டுமென்று மறுநாள் காலை டவுன் பஸ்ஸில் போய் வெளிப்பக்கமாக நுழைந்து, சாயங்காலம் மறுபடி புல்வெளிக்கு வந்தார்கள். அபிராமி மட்டும் வரவில்லை. நாலாவது நாள் வீரணன் பொறுக்கமாட்டாமல் ஜன்னலடிக்கு ஓடினான். அவள் உள்ளே கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து நிலக்கடலை தின்றுகொண்டிருந்தாள்.

"என்னத்தா இது? எல்லாரும் வந்துட்டாளுக. தள்ளுனாத் தெறக்குதுத்தா!"

"தெறக்கும். தெரியும்."

"அப்பறம் என்ன கேடு?"

"நான் தள்ள மாட்டேன்ப்பா. தள்ளித் தள்ளி ரெண்டு உள்ளங்கையும் காச்சுப் போச்சு. தீர்ப்புல என்ன போட்டுருக்கு? அரசாங்கம் தெறந்து விடணும்னு போட்டுருக்கா இல்லையா? எம்பேரு போட்டுருக்கா இல்லையா? நான் தள்ளினா நானாத் தெறந்துக்கிட்டதா ஆயிரும். அப்பறம் அது எப்பவுமே தெறந்துதான் இருந்துச்சு, இந்தக் கழுததான் தள்ளலன்னு எழுதிருவாய்ங்க."

"எழுதிட்டுப் போறாய்ங்க. நீ வாத்தா."

"போ, போயி அரசாங்கத்தக் கூட்டியா."

வீரணன் கெஞ்சினான், திட்டினான், ஆத்தாமேல் சத்தியம் கேட்டான். ராமாயியைப் போனில் அழ வைத்தான். அபிராமி அழுகையைக் கடைசி வரைக்கும் கேட்டுவிட்டு, சிக்னல் நல்லா இருக்கு என்று மட்டும் சொன்னாள். பிறகு அவனுக்கே அது சரியாகப் பட ஆரம்பித்தது. இத்தனை வருஷம் அலைந்த காலுக்கு ஒரு மரியாதை வேண்டாமா? கேடயத்தை எடுத்துக்கொண்டு போய், மண்டபத்தில் வெல்வெட் சோபாவின் காலடியில் உட்கார்ந்துகொண்டான். கிட்டுசாமி எழுந்தால் எழுந்தான், டாய்லெட் போனால் வாசலில் நின்றான். "அய்யா, கேட்டு," என்பதைத் தவிர வேறு பேசவில்லை.

கிட்டுசாமிக்குச் சிக்கல் என்னவென்றால், திறந்துவிட்டால் அதுவரைக்கும் மூடியிருந்தது என்று ஆகிவிடும். திறக்காவிட்டால் அறிக்கை அனுப்ப முடியாது; ஆறு மாசக் கெடு முடிகிற நேரம், தீர்ப்பில் பெயர் இல்லாத முன்னூறு பேரும் வெளியே, பெயர் உள்ள ஒருத்தி மட்டும் உள்ளே. சமாதானம் பேச சதீஷ்குமாரை அனுப்பினார். அவன் கொண்டுபோன மைசூர்பாவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, "நீங்க அரசாங்கம் இல்லையே, ஆளு மாறி வந்துருக்கீங்க," என்று அபிராமி அனுப்பிவிட்டாள். மேலிடத்துக்கு எழுதினார், மேலிடம் ஆழ்ந்த கவனத்துடன் குறித்துக்கொண்டது. கடைசியில், வேறு வழியே இல்லாமல், அரசாங்கம் கேட்டைத் திறக்க முடிவு செய்தது. விடுதி வரைக்கும் போவதற்கு வெயில் அதிகம், ஆகவே புல்வெளிச் சாம்பிளையே இழுத்துத் திறப்பது என்று ஏற்பாடு. பந்தல் போட்டார்கள். நாதஸ்வரம் வந்தது. பொங்கியண்ணன் அமலாக்கக் குழுத் தலைவர் என்ற முறையில் ஒரு பூங்கொத்தோடு நின்றார். கிட்டுசாமி கோட்டுப் போட்டிருந்தார். அவர் கேட்டின் மேல் கையை வைத்தார், உண்மையில் ஒரு விரலைத்தான் வைத்தார், அது திறந்தது. ஒரு ஆட்டுக்குட்டிக்குத் திறந்தது மாதிரியே திறந்தது.

அந்தப் பக்கம் அபிராமி தோளில் ஒரு பையோடு நின்றாள். பின்னால் விடுதி வராந்தாவும் காயப்போட்ட துணிகளும் தெரிந்தன. அவள் உடனே வரவில்லை. கிட்டுசாமியைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள். கோட்டு, வழுக்கை, மல்லிகை மாலை, ஷூவில் ஒட்டியிருந்த புல்.

"நீங்கதான் அரசாங்கமா?"

"ஆமாங்கண்ணு. வா, வா."

"நான் என்னமோ பெருசா இருக்கும்னு நெனச்சேன்," என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

நாதஸ்வரக்காரர் ஊதலாமா வேண்டாமா என்று தெரியாமல் பாதி ஊதினார். வீரணன் கையை நீட்டினான், நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் அவள் பையை வாங்கிக்கொண்டான். அவனுக்கு வாய் கோணிக்கொண்டு வந்தது. "இந்த வெயில்ல எத்தன நாளாப்பா நிக்கிற, கறுத்துப் போயிட்டியே," என்றாள் அவள். அதற்கு மேல் அவனால் தாங்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்துப் போட்டோகிராபர் குறுக்கே வந்தான். படத்தில் ஆபீசர் கண்ணை மூடிவிட்டார், அந்தப் பெண் மறுபடி உள்ளே போய் இன்னொரு தடவை வந்தால் நன்றாக இருக்கும் என்றான். கிட்டுசாமியும் அதுதான் சரி, ஒரே நிமிஷம் என்றார். பொங்கியண்ணன் பூங்கொத்தோடு ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார். பந்தலில் எல்லோரும் அபிராமியைப் பார்த்தார்கள். வீரணன் மகளின் முழங்கையைப் பிடித்தான், பிடியில் நகம் பதிந்தது.

"கண்ண மூடுனவரு மூடுனபடியே இருக்கட்டும்," என்றாள் அபிராமி. அப்பனை இழுத்துக்கொண்டு பந்தலைத் தாண்டி, போர்டைத் தாண்டி, காங்கேயம் ரோட்டில் முதலில் வந்த பஸ்ஸில் ஏறினாள். அது எங்கே போகிற பஸ் என்று இருவருமே பார்க்கவில்லை.

கண் மூடிய படத்தோடுதான் அறிக்கை போனது. தீர்ப்பு முழுமையாக அமல்படுத்தப்பட்டது, இத்தகைய அமலாக்கத்துக்கு நாட்டில் இதுவே முன்மாதிரி என்று எழுதியிருந்தார்கள். ஏரிக்கரை ஊரிலிருந்து திருப்தி தெரிவித்துப் பதில் வந்தது. கிட்டுசாமி பதவி உயர்ந்து, சோபாவை விட்டுவிட்டுச் சென்னைக்குப் போனார். பொங்கியண்ணன் சாம்பிள் கேட் படத்தைக் கம்பெனிக் காலண்டரில் போட்டார். விடுதிப் பெண்கள் இப்போதும் ஷிப்ட் முடிந்ததும் பெருமாநல்லூர்ப் பக்கம் கேட்டைத் தள்ளுகிறார்கள், காங்கேயம் ரோட்டில் வந்து இறங்குகிறார்கள்; டவுன் பஸ் கண்டக்டர்கள் அந்த நிறுத்தத்துக்கு "ஹாஸ்டல் கேட்டெல்லாம் எறங்கு" என்றுதான் குரல் கொடுக்கிறார்கள். கிட்டுசாமிக்கு அடுத்து வந்த சிறப்பு அதிகாரி, பெண்கள் நடந்து நடந்து புல் சாகிறது என்று குறைபட்டு, கேட்டிலிருந்து ரோடு வரைக்கும் சிமெண்ட் பாதை போடச் சொன்னார். போட்டார்கள்.